மாடிச் செடிக்கு எந்தக் குழாய்த் தண்ணி ஊத்துறீங்க? தானே தண்ணீர் குடிக்கும் தொட்டியும் கோவையின் உப்புத் தண்ணீரும்

"அக்கா, ரெண்டே நாளுதானுங்க. ஊருக்குப் போயிட்டு வந்தர்றோம். மாடில இருக்கற செடிக்கு மட்டும் கொஞ்சம் தண்ணி ஊத்தீர்றீங்களா?"

கோவையில் மாடித்தோட்டம் வைத்திருக்கும் வீடுகளிலிருந்து கல்யாணம், காதுகுத்து, ஊர் நோம்பி என எது வந்தாலும் பக்கத்து வீட்டுக்குப் போகிற கோரிக்கை இது. அந்த அக்காவும் நல்லவர்தான். ஆனால் இரண்டாம் நாள் அவர் வீட்டுக்கே விருந்தாளி வந்துவிடும். திரும்பி வந்து மாடி ஏறினால் தக்காளி தலையைத் தொங்கப்போட்டு நிற்கும், கத்தரிப் பூ கொட்டிக் கிடக்கும், கீரை சருகாகியிருக்கும். நாற்று விட்டு, பூச்சி பொறுக்கி, பிள்ளை மாதிரி வளர்த்த இரண்டு மாத உழைப்பு ஒரே வார இறுதியில் போய்விடும்.

இதற்கு விடையாக இப்போது பலரும் பேசுவது 'செல்ஃப் வாட்டரிங்' தொட்டிகள். அடியில் தண்ணீர், மேலே செடி. வேண்டியபோது வேண்டிய அளவு செடி தானே எடுத்துக்கொள்ளும். கடையில் அழகழகாக விற்கிறார்கள், வீட்டிலேயே இரண்டு வாளியை வைத்தும் செய்யலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் இதை வைப்பவர்கள் தொட்டியை வாங்குவதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் தேட வேண்டும். வீட்டில் இருக்கும் இரண்டு குழாயில் எதைத் திறந்து இதை நிரப்பப் போகிறோம்?

ஆடிக் காத்து செய்யும் வேலை

மாடித்தோட்டம் கோவைக்குப் புதிதில்லை. 2013-14-ல் தமிழக அரசு மானிய விலையில் மாடித்தோட்ட கிட்டுகளைக் கொடுக்கத் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட ஊர்கள் சென்னையும் கோவையும்தான். பாலித்தீன் பை, தென்னை நார்க்கழிவு, விதை என்று வந்த அந்த கிட்டில் இருந்துதான் பல வீடுகளில் முதல் வெண்டைக்காய் காய்த்தது.

அந்தப் பைகளில் ஒரு சங்கடம் உண்டு. மேலே ஊற்றும் தண்ணீரில் ஒரு பங்கு நேராக அடித்துளை வழியே ஓடி மாடித் தளத்தில் போய்ச் சேரும். பை காய்ந்து போயிருந்தால் இன்னும் மோசம். காய்ந்த நார்க்கழிவு தண்ணீரை உள்ளே விடாது. பக்கவாட்டு இடுக்கில் தண்ணீர் இறங்கி ஓடிவிடும், நடுவில் வேர் காய்ந்தே கிடக்கும். தரை நனைந்திருப்பதைப் பார்த்து செடியும் நனைந்துவிட்டது என்று நாம் இறங்கி வந்துவிடுவோம்.

கோடையில் வெயில் என்றால் எல்லோரும் உஷாராகிவிடுகிறார்கள். கோவையில் ஆளை ஏமாற்றுவது ஜூன், ஜூலை, ஆகஸ்ட். மேற்கே பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, அந்த வழியாக இந்தப் பக்கம் வீசுகிறது. பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் வரிசைகட்டி நிற்பதற்குக் காரணமே இந்தக் காற்றுதான். வானம் மேகமூட்டமாக இருக்கும், வெயில் உறைக்காது, 'இன்னிக்குத் தண்ணி வேண்டாம்' என்று தோன்றும். ஆனால் நாள் முழுக்க அடிக்கும் காற்று, ஈரத் துணியைக் கொடியில் காயவைப்பது போல இலையிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். இரண்டாவது, மூன்றாவது மாடியில் கைப்பிடிச் சுவர் ஓரம் இருக்கும் செடிக்கு இது இன்னும் அதிகம்.

தண்ணீர் தாராளமாக இருக்கும் ஊருமில்லை இது. கோவை சமவெளியில் ஆண்டுக்குப் பெய்வது சுமார் 600 முதல் 700 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையை நம்பி இருக்கிறது. 2016-ல் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவிகிதம் குறைந்தது. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அந்த மாதிரி ஆண்டில் குடத்துக்கே தண்ணீர் இல்லாதபோது, செடிக்கு ஊற்றி மாடியில் வழியவிட யாருக்கும் மனசு வராது.

விளக்குத் திரிதான் விஷயம்

தானே தண்ணீர் எடுக்கும் தொட்டியில் மோட்டார் இல்லை, கரன்ட் இல்லை. அகல் விளக்கில் எண்ணெய் கீழே இருக்கிறது, சுடர் மேலே எரிகிறது. நடுவில் திரி எண்ணெயை மேலே ஏற்றுகிறது. அதே வேலையை இங்கே நார்க்கழிவு செய்கிறது. மேலே செடி உறிஞ்ச உறிஞ்ச, கீழே இருந்து ஈரம் ஏறி வந்து இடத்தை நிரப்பும். மழை பெய்து இலை வேலை செய்யாத நாளில் ஏறுவதும் குறையும்.

இந்த யோசனைக்கு வயசு அதிகம். மெருகு பூசாத மண்பானையைக் கழுத்துவரை புதைத்து, அதில் தண்ணீர் நிரப்பி, சுற்றிலும் செடி நடும் முறையை 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய சீன வேளாண் நூல் ஒன்று சொல்கிறது. நம் நாட்டில் 1970-களில் ஹரியானாவின் கர்னாலில் உள்ள மத்திய மண் உவர்தன்மை ஆராய்ச்சி நிலையத்தில் ஆர்.சி. மோண்டல் என்ற விஞ்ஞானி இந்தப் பானைப் பாசனத்தைக் காய்கறிகளில் சோதித்தார். உப்பு நிலத்தை ஆராயும் நிலையத்துக்குப் பானையில் என்ன வேலை என்று கேட்கலாம். உப்புத்தன்மை உள்ள தண்ணீரைக்கூட இப்படிக் கசியவிட்டுப் பயிர் எடுக்க முடியுமா என்பதும் அவர்கள் தேடிய விடைகளில் ஒன்று. அது ஏன் நமக்கு முக்கியம் என்பது கொஞ்சம் கீழே வரும்.

பிளாஸ்டிக் பெட்டி வடிவத்தில் இது பரவலானது 1990-களில். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் தக்காளி விவசாயியான பிளேக் விஸனன்ட் உருவாக்கிய 'எர்த்பாக்ஸ்' அதில் பிரபலம். அடியில் தண்ணீர், மேலே ஒரு பிளாஸ்டிக் மூடாக்கு, நடுவில் செடி. இன்று ஆன்லைனில் விற்கும் பல தொட்டிகள் இதன் ஒன்றுவிட்ட சொந்தங்கள்.

இரண்டு வாளி இருந்தால் போதும்

வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்கள் 20 லிட்டர் வாளி இரண்டு எடுத்துக்கொள்ளலாம். சமையல் எண்ணெய், ஊறுகாய் வந்த வாளியாக இருந்தால் நல்லது. பெயின்ட் வாளியைவிட அதை நம்பிக் காய் சாப்பிடலாம்.

ஒன்றுக்குள் ஒன்றாக வைத்தால் அடியில் நான்கு விரல் அளவுக்கு இடைவெளி வேண்டும். இல்லையென்றால் பி.வி.சி குழாயைத் துண்டு துண்டாக நறுக்கி, உள்வாளிக்கு முட்டுக் கொடுங்கள். அந்த இடைவெளியில் சுமார் 4 லிட்டர் தண்ணீர் நிற்கும். உள்வாளியின் அடியில் நடுவே ஒரு பெரிய துளை போட்டு, பக்கமெல்லாம் ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் டம்ளரை அதில் இறக்கி விடுங்கள். டம்ளரின் அடி தண்ணீரில் முழுகி நிற்க வேண்டும். இதுதான் திரி. மற்ற இடங்களில் சின்னச் சின்னதாகப் பத்துப் பன்னிரண்டு துளை போதும்.

தண்ணீர் ஊற்ற ஓர் அங்குல பி.வி.சி குழாயை மேலிருந்து கீழ்வாளி வரை நிறுத்துங்கள். அடிமுனையைச் சாய்வாக அறுத்தால்தான் தரையோடு ஒட்டி அடைத்துக்கொள்ளாது.

இனி எல்லோரும் விட்டுவிடும் ஒரு துளை. வெளிவாளியின் பக்கவாட்டில், உள்வாளியின் அடிக்கு ஒரு விரல் கீழே ஒரு வடிகால் துளை கட்டாயம் வேண்டும். அதிகமான தண்ணீர் அதன் வழியே வெளியேறும், தண்ணீருக்கும் உள்வாளிக்கும் நடுவே கொஞ்சம் காற்று தங்கும். வேருக்குத் தண்ணீர் எவ்வளவு தேவையோ அவ்வளவு காற்றும் தேவை. இந்தத் துளை இல்லாமல் செய்த தொட்டி முதல் பெருமழையில் குளமாகிவிடும். செடி மஞ்சளாகும். வாடுகிறதே என்று நாம் இன்னும் தண்ணீர் ஊற்றுவோம்!

உள்ளே நிரப்ப செம்மண்ணோ கரிசலோ வேண்டாம். தோட்ட மண் ஈரத்தில் இறுகி, சேறாகி, காற்றை அடைத்துவிடும். நார்க்கழிவு இரண்டு பங்கு, நன்கு மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு, ஒரு கை வேப்பம் பிண்ணாக்கு. டம்ளருக்குள் மட்டும் நனைத்த நார்க்கழிவை அழுத்தி அடையுங்கள். நட்ட அன்று மேலிருந்து தண்ணீர் ஊற்றி முழுவதையும் நனைத்துவிட வேண்டும். காய்ந்த திரி எண்ணெயை இழுக்கத் தடுமாறுவது போல, காய்ந்த நார்க்கழிவும் கீழேயிருந்து தண்ணீரை இழுக்காது. தண்ணீர் மட்டத்திலிருந்து மேலே ஓர் அடி உயரம் வரைதான் ஈரம் நன்றாக ஏறும் என்பதால், இதைவிட ஆழமான டிரம்மில் செய்து ஏமாற வேண்டாம்.

நிரப்பிய வாளி 15 கிலோவுக்குக் குறையாது. இருபது, முப்பது என்று சேர்க்கும்போது மாடியின் நடுவில் குவிக்காமல் சுவர், பீம் வரும் ஓரங்களில் வரிசையாக வைப்பது நல்லது.

நல்ல தண்ணி, உப்புத் தண்ணி

கோவைக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பெரும்பாலான வீடுகளில் இரண்டு வகைத் தண்ணீர். சிறுவாணியோ பில்லூரோ, குழாயில் முறை வைத்து வரும் 'நல்ல தண்ணி' ஒன்று. போர்வெல்லில் இருந்து மேல்தொட்டிக்கு ஏறும் 'உப்புத் தண்ணி' இன்னொன்று. நல்ல தண்ணியைக் குடிக்கவும் சமைக்கவும் பிடித்து வைப்பார்கள். குளிக்க, துவைக்க, செடிக்கு ஊற்ற எல்லாம் உப்புத் தண்ணி.

சாதாரணத் தொட்டியில் இது பெரிய பிரச்னையாகத் தெரியாது. மேலே ஊற்றும் தண்ணீர் கீழே வழியும்போது தங்கியிருக்கும் உப்பில் ஒரு பகுதியையும் கழுவிக்கொண்டு போய்விடும். மாடித் தளத்தில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருப்பது அதுதான்.

தானே தண்ணீர் எடுக்கும் தொட்டியில் தண்ணீர் ஒரே திசையில்தான் போகிறது, கீழிருந்து மேலே. இலை வழியாகவும் மண் மேற்பரப்பு வழியாகவும் தண்ணீர் ஆவியாகும். உப்பு ஆவியாகாது. செடி எடுத்துக்கொள்ளும் கொஞ்சம் போக மீதியெல்லாம் வாளிக்குள்ளேயே தங்கும். ஒரு சொட்டுகூட வெளியே வழியாமல் மிச்சம் பிடிக்கும் தொட்டி, அதே கெட்டித்தனத்தோடு ஒரு கிராம் உப்பையும் வெளியே விடாமல் சேர்த்து வைக்கிறது.

எவ்வளவு சேரும்? ஆர்.ஓ மெஷின் வைத்திருக்கும் வீடுகளில் டி.டி.எஸ் என்ற சொல் பழக்கம். ஒரு லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் கரைந்த உப்புகள் உள்ளன என்பதுதான் அது. போர்வெல் தண்ணீரில் டி.டி.எஸ் 1,500 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் லிட்டருக்கு ஒன்றரை கிராம். காய்ப்பில் இருக்கும் தக்காளிச் செடி வெயில் நாளில் சுமார் ஒன்றரை லிட்டர் குடிக்கும். 90 நாள் கணக்குப் போட்டால் 135 லிட்டர். அதில் வந்து இறங்கும் உப்புகள் 200 கிராமுக்கு மேல். அளவான ஒரு வாளிக்குள் ஒரு டம்ளர் உப்பைக் கொட்டியது போல! இதே கணக்கை டி.டி.எஸ் 100 உள்ள தண்ணீருக்குப் போட்டால் 14 கிராம்கூட வராது.

அறிகுறிகள் மெதுவாகத் தெரியும். முதலில் மண்ணின் மேல் வெள்ளையாகப் பொரிந்து நிற்கும். பிறகு இலை ஓரம் கருகும். தண்ணீர் கீழே நிறைய இருந்தும் மத்தியானம் செடி வாடும். உப்பு நிறைந்த ஈரத்திலிருந்து வேரால் தண்ணீரை இழுக்க முடியவில்லை என்பதுதான் காரணம். 'சத்து பத்தல போல' என்று உரம் போட்டால், அதுவும் உப்புதான். எரிகிற தீயில் எண்ணெய்.

நார்க்கழிவும் தன் பங்குக்கு உப்பைக் கொண்டுவரும். பொள்ளாச்சி சுற்றுவட்டாரத்தில் ஒரு காலத்தில் சாலையோரம் மலை மலையாகக் குவிந்து கிடந்த இந்தக் கழிவு, இன்று கட்டிகளாக அழுத்தப்பட்டு வெளிநாட்டுப் பசுமைக்குடில்களுக்குப் போகிறது. அனுப்பும் முன் அதிலுள்ள உப்பைப் போக்கத் தண்ணீரில் அலசுகிறார்கள். அந்தக் கழுவுநீர் நிலத்தடி நீரைக் கெடுக்கிறது என்ற புகார் நெடுநாளாக உண்டு. 2021-ல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தென்னை நார்த் தொழிலை வெள்ளைப் பிரிவிலிருந்து ஆரஞ்சுப் பிரிவுக்கு மாற்றியதும், தொழில் செய்பவர்கள் அதை எதிர்த்ததும் இந்தப் பின்னணியில்தான். உள்ளூர்க் கடையில் வாங்கும் கட்டி அலசியதா, அலசாததா என்று கேட்டு வாங்குங்கள். அலசாதது என்றால் ஊறவைத்து இரண்டு, மூன்று முறை தண்ணீர் மாற்றிப் பிழிந்துவிடுங்கள்.

சரி, தினமும் நல்ல தண்ணியைச் செடிக்கு ஊற்ற முடியுமா? பத்து நாளைக்கு ஒருமுறை குழாய் வரும் தெருவில் அதைச் சொன்னால் அடிக்க வருவார்கள். ஆனால் வேறு வழிகள் வீட்டிலேயே இருக்கின்றன.

ஏ.சி-யிலிருந்து சொட்டும் தண்ணீரில் கரைந்த உப்பு கிட்டத்தட்ட இல்லை. ஒரு வாளியில் பிடித்து வைத்தால் இந்தத் தொட்டிக்கு அதைவிடப் பொருத்தமான தண்ணீர் கிடையாது. மாடியில் விழும் மழைநீரும் அப்படித்தான். ஒரு டிரம் பிடித்து மூடி வைத்தால் வெகுநாள் வரும்.

ஆர்.ஓ மெஷின் வெளியே தள்ளும் கழிவுநீரை வீணாக்காமல் செடிக்கு ஊற்றுவது பல வீடுகளின் வழக்கம். நல்ல எண்ணம்தான். ஆனால் மெஷின் பிரித்தெடுத்த உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. வந்த தண்ணீரைவிட அதில் உப்பு அதிகம். அதை மாடி கழுவ, வண்டி கழுவ வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தொட்டிக்குள் மட்டும் வேண்டவே வேண்டாம்.

போர்வெல் தண்ணீரைத் தவிர வேறு வழியே இல்லை என்பவர்கள் மாதம் ஒருமுறை தொட்டிக்குத் தலைக்குக் குளிப்பாட்டிவிட வேண்டும். கீழே நிற்கும் தண்ணீரைச் சாய்த்துக் கொட்டிவிட்டு, மேலேயிருந்து நல்ல தண்ணீரை மெதுவாக, வடிகால் துளை வழியே நன்றாக வழியும் அளவுக்கு ஊற்றி, மறுபடியும் கொட்டிவிடுங்கள். இதற்கு மட்டும் இரண்டு குடம் நல்ல தண்ணீர் ஒதுக்கினால் போதும். ஐப்பசி மழை வந்தால் அந்த வேலையும் மிச்சம். மூடாக்கை எடுத்துவிட்டு மழையில் விட்டுவிடலாம்.

எந்தச் செடி சொன்னபடி கேட்கும்?

தக்காளிக்கு இந்தத் தொட்டி ரொம்பப் பிடிக்கும். ஒருநாள் காய்ந்து மறுநாள் நிறையத் தண்ணீர் குடித்தால் பழம் வெடிக்கும். ஈரம் ஏறி இறங்கினால் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராமல், காயின் அடி கறுத்து அழுகும். ஈரம் ஒரே சீராக இருந்தால் இரண்டும் குறையும். பெரியகுளத்தில் உருவான பி.கே.எம் 1 மாதிரி அளவாக வளரும் ரகம் வாளிக்கு ஏற்றது. காட்டுத்தனமாகக் கொடி ஓடும் ஹைபிரிட்களை வைத்தால் 4 லிட்டர் தண்ணீர் இரண்டு நாள்கூட வராது.

இந்தக் கணக்கைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை. 'ஊருக்குப் போய்ட்டு ஒரு வாரம் கழிச்சு வாங்க' என்று விளம்பரம் சொல்லும். கீரைக்கு அது உண்மை. காய்ப்பில் இருக்கும் தக்காளிக்கு, கோடையில், இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள். நான்கு நாள் கல்யாணத்துக்குப் போவதாக இருந்தால் தொட்டிகளை நிழல்வலைக்குக் கீழே நகர்த்தி, மண்மேல் காய்ந்த தென்னை மட்டைத் தூளோ சருகோ பரப்பிவிட்டுப் போங்கள். பக்கத்து வீட்டு அக்கா ஒரே ஒருநாள் வந்து குழாயில் ஊற்றினால் போதும்.

கத்தரி இன்னும் சமர்த்து. நெகமம் பகுதி வரிக்கத்தரியிலிருந்து கோவை வேளாண் பல்கலைக்கழகம் தேர்ந்தெடுத்த கோ 2 ரகம், வெளிர்பச்சையில் ஊதாக் கோடு ஓடும் நம்ம ஊர்க் காய். ஒரு வாளிக்கு ஒரு செடி. வெண்டையும் குத்து அவரையும் இதே அளவில் வரும். புதினா, பொன்னாங்கண்ணி, வல்லாரை எல்லாம் ஈரத்திலேயே பிறந்து வளர்ந்தவை, சொல்லவே வேண்டாம். சேம்பு வைத்துப் பாருங்கள், அசந்துபோவீர்கள். பாகல், பீர்க்கு, அரசாணி போன்ற கொடிகளுக்கு வாளி பத்தாது. அகலமான பெரிய டப்பும் நாலைந்து திரி டம்ளரும் வேண்டும்.

மிளகாய் ஒரு மாதிரி. தண்ணீரும் வேண்டும், கால் நனையவும் கூடாது. கீழே தண்ணீர் முழுவதும் தீர்ந்து ஒருநாள் காயவிட்டு மறுபடி நிரப்பினால் ஒத்துப்போகும். சின்ன வெங்காயத்தை இதில் வைக்காதீர்கள், அழுகிவிடும். கறிவேப்பிலை, முருங்கைக்கும் இது இடமில்லை. அவற்றைத் தரையில் விடுங்கள்.

குழாய்க்குள் போகக் கூடாதவை

அரிசி கழுவிய தண்ணீர், பருப்பு களைந்த தண்ணீர், ஜீவாமிர்தம், மீன் அமிலம் எதையும் அந்த பி.வி.சி குழாய்க்குள் ஊற்றக் கூடாது. மண்மேல் ஊற்றினால் உரமாகும் பொருள், அடியில் தேங்கினால் புளித்து நாறும். வேர் அழுகும். பஞ்சகவ்யாவும் அப்படியே. கொடுமுடி மருத்துவர் கே. நடராஜன் பரப்பிய பஞ்சகவ்யாவை வழக்கம்போல 3 சதவிகிதக் கரைசலாக, அதாவது லிட்டருக்கு 30 மில்லி கலந்து, இலைமேல் தெளிக்கலாம். கீழ்வாளிக்குள் போவது வெறும் தண்ணீர் மட்டுமே.

அடுத்தது கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இப்படிப்பட்ட தெளிந்த, தேங்கிய தண்ணீரைத்தான் தேடுகிறது. முட்டை கொசுவாக வெயில் காலத்தில் ஏழெட்டு நாள் போதும். மாடியில் இருபது வாளி என்றால் இருபது நர்சரி! ஊற்றும் குழாய்க்கு மூடி, வடிகால் துளைக்குக் கொசுவலைத் துண்டு, இரண்டு வாளியும் சேரும் விளிம்பு இடுக்கில் துணியோ ஸ்பாஞ்சோ வைத்து அடைப்பு. மாநகராட்சியில் இருந்து கொசுப்புழு பார்க்க வருபவர்கள் மாடி ஏறினால் டார்ச் அடித்து முதலில் பார்ப்பது இந்த மாதிரி இடங்களைத்தான். அவர்கள் வரும்வரை காத்திருக்காமல் வாரம் ஒருமுறை நீங்களே மூடியைத் திறந்து பாருங்கள்.

வெளிச்சம் ஊடுருவும் வெள்ளை வாளியென்றால் உள்ளே பாசி படரும். பழைய சாக்கைச் சுற்றிக் கட்டினால் பாசியும் வராது, வெயிலில் வேரும் வேகாது.

வாளி, துரப்பணம், டம்ளர் எல்லாம் அலுப்பு என்பவர்களுக்குப் பானையே கைகொடுக்கும். பெயின்ட் அடிக்காத சின்ன மண்கலயம் ஒன்றை, இப்போதிருக்கும் பெரிய தொட்டியின் நடுவில் வாய் மட்டும் தெரிய புதைத்து, தண்ணீர் நிரப்பி, மேலே ஒரு சில்லை மூடிவிட்டால் முடிந்தது வேலை. சுற்றி நாலு கத்தரியோ வெண்டையோ நடலாம். உப்புத் தண்ணீரால் பானையின் துளைகள் நாளடைவில் அடைபடும். கசிவு குறைந்தால் வெளியே எடுத்துத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள்.

தக்காளி முடிந்ததும் அதே வாளியில் கத்தரி, மிளகாய் வேண்டாம். மூன்றும் ஒரே குடும்பம், ஒன்றின் நோய் அடுத்ததற்கு ஒட்டும். நார்க்கழிவை வெளியே கொட்டி, வேர்த்துண்டுகளைப் பொறுக்கி, இரண்டு முறை அலசி, கொஞ்சம் மண்புழு உரம் கலந்து திரும்ப நிரப்புங்கள். மேலே கிள்ளுக்கீரை விதையைத் தூவலாம். வேளாண் பல்கலையின் கோ 3 கீரை இருபதாம் நாளே முதல் கிள்ளுக்குத் தயாராகிவிடும், அதன் பிறகும் பல முறை கிள்ளலாம்.